கிளிப்பச்சை இல்லாத கல்யாணப் படம்

பிரிக்பீல்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை

மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்த அன்போடு புஷ்பவல்லி அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் லோகேஸ்வரி எழுதுவது. கிள்ளானில் நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. என் கல்யாணத்தன்று மத்தியானமே எங்கள் வீட்டார் எல்லாருடைய எண்களையும் உங்கள் போனில் தடுத்துவிட்டீர்கள். அதனால்தான் இருபத்தெட்டு வயதில் முதல்முறையாகத் தபால்தலை வாங்கினேன். இங்கு அம்மா நலம். என் கணவர் விஜயன் நலம். தானும் நலம் என்று எழுதச் சொன்னார் அப்பா.

அது உண்மையில்லை. முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டில் மீன் கறி சாப்பிட்டவர், ஆறு வாரமாகக் கடை மீன் கறியைத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன இரண்டு ஞாயிறும் "காருக்கு எண்ணெ போட்டுட்டு வரேன்" என்று காரை எடுத்துக்கொண்டு போய் மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினார். உங்கள் எதிர்வீட்டு ரமணி அக்கா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. உங்கள் கேட்டுக்கு எதிரே காரை நிறுத்தி, ஏர்கோனைப் போட்டுக்கொண்டு, கேட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம். ஹாரன் அடிக்கவில்லையாம். நீங்கள் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினீர்களாம். வரும் ஞாயிறும் அவர் வருவார். இந்தக் கடிதம் அந்தக் கேட்டுக்காகத்தான்.

நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் ஒளிப்பதிவாளர் இர்ஃபான். அவருடைய ஸ்டூடியோ இங்கே ஒரு சேலைக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே உலகத்தின் எல்லா நிறங்களும் தொங்குகின்றன. அவற்றிடமிருந்து தப்பிக்கத்தான் மாடி ஏறினார் போலும். இர்ஃபானுக்குத் தன் ரசனையின்மேல் நிறைய மரியாதை, மனிதர்கள்மேல் கொஞ்சம் குறைவு. அதிகம் படித்தவர்களில் சிலருக்கு இப்படி ஆகிவிடுகிறது. கல்யாண வீடியோ என்றால் எல்லாரும் வரிசையாக நின்று பல்லைக் காட்டுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். இர்ஃபானோ இது சினிமா என்றார். சினிமாவில் கதையைச் சொல்வது முகங்கள் இல்லையாம், வெளிச்சமும் நிறமுமாம். ஆகவே மங்கிய ரோஜா, தந்தம், சாம்பல் கலந்த வெளிர்நீலம் ஆகிய மூன்று நிறங்களைத் தவிர வேறெதுவும் மண்டபத்துக்குள் வரக்கூடாது என்று குடும்பக் குழுவில் செய்தி போடப்பட்டது. அப்பா குடும்பக் குழுவைத் திறப்பதில்லை. அதில் எல்லாரும் காலை வணக்கம் மட்டுமே சொல்வார்கள் என்பது அவர் எண்ணம். அவர் பாட்டுக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய், கடைக்காரர் நாற்பது சேலை விரித்துக் களைத்துப்போகும்வரை உட்கார்ந்து, "எங்க அக்காவுக்குப் பச்சதான் எடுப்பா இருக்கும்" என்று அரக்குக் கரை போட்ட கிளிப்பச்சைப் பட்டை உங்களுக்கு எடுத்துவந்தார்.

அந்தச் சேலையோடுதான் மண்டபத்தில் தட்டு வரிசைக்கு முன்னால் நின்றீர்கள். பெண்ணின் அத்தை மஞ்சள் குங்குமத் தட்டோடு முதலில் நடக்க வேண்டும், மற்ற இருபது தட்டும் உறவு முறைப்படி பின்னால் வரவேண்டும். இது நம் வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியில்லாத விஷயம். நான் அப்போது அலங்கார அறையில் இருந்தேன். ஆனால் வெட்டாத பதிவு முழுவதும், பதினொரு மணி நேரம், இப்போது என்னிடம் இருக்கிறது. உட்கார்ந்து பார்த்துவிட்டேன். இர்ஃபான் உங்களிடம் வந்து சொல்கிறார்:

"ஆன்டி, சாரி ஆன்டி, கொஞ்சம் பின்னால போங்க லா. கிரீன் ரொம்ப தூக்குது."

"யாருப்பா நீ, என்னைப் பின்னால போகச் சொல்றது? நான் பொண்ணோட அத்த."

"தெரியும் ஆன்டி. ஒரு ஷாட்தான். சேலை கலர் வரிசையில நின்னா ஃபிரேம் கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கும்."

"உன் கண்ணு குளிர நான் என் தம்பி எடுத்துக் குடுத்த சேலையை அவுத்தா வைக்க முடியும்?"

முதலில் ஒன்பதாம் இடம். அங்கும் பச்சை தெரிகிறது என்று இருபத்தொன்றாம் இடம். அங்கும் தெரிகிறது என்று தூணுக்குப் பின்னால், சுழலும் காற்றாடி பக்கத்தில். உங்கள் இடத்தில் நின்றவர் உஷாராணி ஆன்டி. அவர் அம்மாவோடு ஒரே காரில் வேலைக்குப் போகிறவர், அதைத் தவிர நமக்கு எந்த உறவும் இல்லை. அவருடைய குற்றம் மங்கிய ரோஜா நிறத்தில் சேலை கட்டியது ஒன்றுதான். "ஐயோ, எனக்கு எதுக்குப்பா இந்தப் பொல்லாப்பு, நான் போயி பசியாறுறேன்" என்று அவர் மூன்று முறை சொல்வது பதிவில் கேட்கிறது. "நீங்க மட்டும் நகராதீங்க ஆன்டி" என்று இர்ஃபான் மூன்று முறை சொல்வதும் கேட்கிறது.

பிறகு நீங்கள் தட்டோடு வெளியே போய்விட்டீர்கள். தட்டு இருபதாகிவிட்டது, இரட்டைப்படை. வாசலில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள். பதற்றத்தில் நம் அய்யாவு சித்தப்பா தன் காரில் இருந்த டிஷ்யூ பெட்டியைக் கொண்டுவந்து ஒரு தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டார். அது இளஞ்சிவப்புப் பெட்டி. முடிந்த படம் நான்கு நிமிடம் ஓடுகிறது; அதில் அந்தப் பெட்டிக்கு ஆறு விநாடி, மிக அழகான பக்கவாட்டு வெளிச்சத்தில். அம்மா ஒரே ஒருமுறை வருகிறார், பித்தளைச் செம்புத் தண்ணீரில் தலைகீழாக. அப்பாவுக்கு ஒரு காது. மழைத்துளி விழுந்த கார் கண்ணாடிக்கு இருபது விநாடி. தாலி கட்டும் நேரத்தில் மேகம் மறைத்தது என்று இர்ஃபான் ஐயரிடம் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். "வெளிச்சம் வர்ற நேரத்துக்கு ராகுகாலமும் வந்துரும், பரவால்லியா?" என்று ஐயர் கேட்டது படத்தில் இல்லை. கெட்டிமேளமும் இல்லை, அந்த இடத்தில் பியானோ ஒலிக்கிறது. விஜயன் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, யாரோட கல்யாணம்?" என்றார்.

படம் அழகாக இருக்கிறது அத்தை, அதில் பொய் சொல்ல மாட்டேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எந்த இடத்தில் நிறுத்தினாலும் சுவரில் மாட்டலாம். ஆனால் ஒரு சட்டகத்தின் அழகு என்பது பாதிக்கு மேல் யாரை வெளியே நிறுத்தினோம் என்பதுதான் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. வெளியே நிறுத்தப்பட்டவை எல்லாம் ஒரு தனிக் கோப்பில் கிடக்கின்றன. கோப்பின் பெயர் "பயன்படாது". அதில் இரண்டாவது கேமரா, யாரோ மறந்து அணைக்காமல் விட்டது, வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சாய்ந்த கோணம். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாரும் காமாலை வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். நீங்கள் தட்டோடு வேகமாகப் போகிறீர்கள். பின்னால் அப்பா, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு ஓடிவருகிறார்.

"அக்கா, ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போக்கா."

"தூணுக்குப் பின்னால நிக்கிறவளுக்கு இலை எங்க போடுவே?"

"நான் போடுறேன்க்கா. நானே போடுறேன்."

நீங்கள் திரும்பவில்லை. அப்பா அங்கேயே நிற்கிறார், அப்புறம் யாரோ வந்து கேமராவை மறைத்துவிடுகிறார்கள். பதினொரு மணி நேரத்தில் அப்பாவின் முழு முகம் தெரிவது அந்த ஒரு இடத்தில்தான். அதை நான் பல முறை பார்த்துவிட்டேன். வெளிச்சத்தைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை.

இந்தக் கடிதத்தோடு அந்தக் கோப்பையும் ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன். நான்கு நிமிடப் படத்தை அனுப்பவில்லை. இர்ஃபானை மன்னிக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன். இப்படிப்பட்ட ஆளைக் கொஞ்ச காலம் நம் வீட்டுப் பக்கம் சேர்க்காமலிருப்பதே நல்லது. ஆனால் அவர் செய்ததற்கு அப்பா ஏன் தெருவில் உட்கார்ந்திருக்க வேண்டும்? ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு அவரோடு நானும் வருகிறேன். இம்முறை ஹாரன் அடிப்போம்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் காலில் விழுந்து ஆசி கேட்கிறேன். விழுவதை யாரும் படம் பிடிக்க மாட்டார்கள். எப்போதும் உங்கள் நலம் வேண்டும்,

லோகேஸ்வரி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்திருக்கிறேன். மூன்று நிறங்களைப் பற்றி இர்ஃபானுக்கு ஆறு பக்கம் எழுதி அனுப்பியது நான். குடும்பக் குழுவில் செய்தி போட்டதும், அலங்கார அறையின் கதவிடுக்கில் பார்த்து "பச்சை பின்னால் போகட்டும்" என்று அவர் போனுக்கு அனுப்பியதும் நான்தான். "அத்தைய எப்படி நகர்த்துறது, பாவம் லா" என்று அவர் பதில் அனுப்பினார். நான் "தூண்" என்று ஒரே சொல்லில் எழுதினேன். ஆகவே மேலே இர்ஃபான் என்று வரும் இடங்களிலெல்லாம் லோகேஸ்வரி என்று படித்துக்கொள்ளவும். கேமராவும் மாடியும் மட்டும் அவருடையவை. அப்பாவுக்கு இது தெரியாது. கேட்டை அவருக்காவது திறந்துவிடுங்கள். நான் காரிலேயே இருக்கிறேன்.