பங்கா வேம்புலியின் பென்ஷன்

சூரியன் கிழக்கே உதிப்பதில்கூட ஒருநாள் தவறு நேரலாம். வெள்ளைக்கார சர்க்கார் பென்ஷன் கணக்குப் போடுவதில் நேராது. சந்தேகப்படுகிறவர்கள், பூந்தமல்லிப் பக்கத்துச் சர்க்கார் கச்சேரி ஒன்றில் வேம்புலிக்கு வழங்கப்பட்ட நியாயத்தைக் கேட்டுத் தெளியலாம்.

வேம்புலி அங்கே பங்கா இழுத்தவன். உத்தரத்தில் தொங்கும் துணி விசிறியின் கயிறு, சுவர் ஓட்டை வழியாக வெளியே வரும். அதை இழுத்து இழுத்தே அவனுக்குத் தலை நரைத்தது. ‘வயதாகிவிட்டது’ என்று போன மாதம் சர்க்கார் அன்போடு வீட்டுக்கு அனுப்பியது. பென்ஷன் வந்தால் பெண்சாதி கன்னியம்மாள் வளைந்த முதுகோடு நாற்று நடப் போகவேண்டாம். அவ்வளவுதான் அவன் ஆசை.

அவன் போட்ட பென்ஷன் மனுவின் விசாரணையன்று அக்கினி வெயில். புது ஆள் இன்னும் ‘நியமனம்’ ஆகவில்லை. ஆகவே மனுதாரரே பழைய இடத்தில் உட்கார்ந்து, கயிற்றை இழுத்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பதில் சொல்லலாம் என்று சூப்பிரண்டெண்டு பரந்தாமன் பெருந்தன்மையோடு அனுமதித்தார். பக்கத்தில் ஹெட்குமாஸ்தா வீரராகவன். மாதக் கடைசியில் ஓய்வு. முழுப் பென்ஷன் ஏற்கெனவே சாங்ஷன்.

“ஏண்டா, மத்தியானத்துல கயித்தைக் கால் கட்டைவிரல்ல கட்டிக்கிட்டுத் தூங்குவியாமே?” என்று விசாரணையை ஆரம்பித்தார் பரந்தாமன்.

“கண்ணு அசந்துடும் எசமான். காலு அசராது. காத்து நின்னா குமாஸ்தா அய்யா முழிச்சிக்குவாரே!”

சூப்பிரண்டெண்டு திரும்பினார். “அப்படி எத்தனை தடவை முழிச்சீர்?”

வீரராகவன் மார்பை நிமிர்த்தினார். “சர்வீஸ் பூரா ஒரு தடவைகூட இல்லை சார்!”

“பாத்தீங்களா, எப்பிடி இஸ்துக்கீறேன்!” என்றது ஜன்னல்.

“அதிகப்பிரசங்கி! அவர் தூங்கினது சர்க்கார் நாற்காலியில. அது சர்வீஸ். நீ தூங்கினது வெறுந்தரையில.”

“தரை மட்டும் எங்கப்பன் ஊட்டு சொத்தா எசமான்?”

கனம் விசாரணையாளர் ஆழ்ந்து யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: தூங்கிய உடம்புக்குப் பென்ஷன் கிடையாது. உழைத்த கட்டைவிரலுக்குக் கொடுக்கலாம்; ஆனால் மேற்படி கட்டைவிரல் தனியாக மனுப் போட்டு உத்தியோகத்தில் சேர்ந்ததாகத் தெரியவில்லை. தள்ளுபடி.

எழுதத் தொடங்கினார்.

வேம்புலிக்குக் கை ஓய்ந்தது. பழக்க தோஷம், கயிறு தானாகக் கட்டைவிரலுக்குப் போயிற்று. கன்னியம்மாளின் முதுகு கண்ணில் வந்து நின்றது.

“தூங்கனவருக்குப் பென்சன் கீது. தூங்க வச்சவனுக்கு இல்லியா? இது இன்னா ஞாயம் எசமான்?”

காதை ஜன்னல் பக்கம் திருப்பினான்.

“எசமான்?”

கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். பேனா ஒருபக்கம், சூப்பிரண்டெண்டு ஒருபக்கம் சாய்ந்திருந்தார்கள். வீரராகவன் வாயைத் திறந்து கூரையைப் பார்த்திருந்தார், கண்ணை மூடியபடி.

வெளியே வேம்புலியின் கால் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே சூப்பிரண்டெண்டு பரந்தாமனின் பென்ஷன் சர்வீஸ், ஒரு நிமிஷமும் விட்டுப்போகாமல், நியாயமாக வளர்ந்துகொண்டிருந்தது.