பந்தல் அண்ணாச்சியின் உதை

ஒருவரை உதைத்துவிட்டு, உடனே குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சண்டைக்காரர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் பாளையங்கோட்டையில் இருக்கிறார். தாய்லாந்துக்காரர்களே விமானம் ஏறி வந்து தேடினாலும் இரண்டாவது ஆள் அகப்பட மாட்டார்.

நான் அவரைச் சந்தித்தது ஒரு டைல்ஸ் கடையின் மாடியில். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மனைவியும் போன பிறகு வீட்டில் உட்கார்ந்து சர்க்கரையை வளர்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் இருக்கும் மகள் ஃபோனிலேயே என்னை முவாய் தாய் வகுப்பில் சேர்த்துவிட்டாள். தாய்லாந்து நாட்டுச் சண்டை அது. கை, முழங்கை, கால், முழங்கால் என்று உடம்பில் கெட்டியாக இருக்கிற எல்லாவற்றாலும் அடிக்கலாம். என் உடம்பில் அப்படி எதுவும் மிச்சமில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. யோகா மாதிரி ஏதோ என்று எண்ணித் தோளில் துண்டோடு போனேன்.

அங்கே முழுக்கக் கல்லூரிப் பையன்கள். பேரனைக் கூட்டிப்போக வந்த தாத்தா என்று நினைத்து எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். நான் உட்காருவதற்குள் நெட்டையான ஒருவர் வந்து அந்த நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார். "நம்ம நாற்காலி இல்ல. நீரு உக்காரும்வே" என்றார். கல்யாண வீடு, சாவு விழுந்த துஷ்டி வீடு எல்லாவற்றுக்கும் சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். எங்கே போனாலும் நாற்காலிக்கு அடியில் தன் கடை முத்திரையைத் தேடாமல் உட்கார மாட்டார். அவர் பேர் யாருக்கும் தெரியாது. ஊருக்கே பந்தல் அண்ணாச்சி. அவரைவிட மூத்தவனான எனக்கும் அண்ணாச்சிதான்.

ஒரு கல்யாண வீட்டுச் சண்டையை விலக்கப் போனவரை யாரோ பிடித்துத் தள்ள, ரசக் கொப்பரைக்குள் உட்கார்ந்துவிட்டாராம். பந்தி முடிந்து கொப்பரை காலியாக இருந்ததால் தப்பித்தார். "நமக்கு அடிக்க வேண்டாம் சார். தள்ளுனா விழாம நிக்கணும், அம்புட்டுதான்" என்று வகுப்புக்கு வந்த காரணத்தைச் சொன்னார்.

முதல் நாள் கையில் துணிப்பட்டை சுற்றச் சொல்லித் தந்தார்கள். எனக்கு வரவில்லை. அண்ணாச்சி தன் கைக்கும் என் கைக்கும் பந்தல்காலுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுவிட்டார். வகுப்பு முடிந்த பிறகு அவராலேயே அதை அவிழ்க்க முடியவில்லை. இரண்டு பேரும் அப்படியே கடையில் போய்க் கரண்டியால் இட்லி தின்றோம். எந்த வீட்டில் தீப்பிடித்தது என்று சர்வர் விசாரித்தான்.

உதை ஆரம்பித்தபோதுதான் சங்கதி தெரிந்தது. தெரியாமல் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அண்ணாச்சி தெரிந்தே உதைத்துவிட்டுக் கும்பிட்டார். அதுவும் பட்ட இடத்தைத் தொட்டால் போதாது. காலால் செய்த தப்பைக் காலில்தான் தீர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. எதிராளி காலைத் தொட்டு, முதலில் வலக்கண், பிறகு இடக்கண். அதற்குப் பிறகுதான் அடுத்த உதை.

கோச் ஷேக், மேலப்பாளையத்துப் பிள்ளை. துபாயில் ஜிம்மில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பொறுமைசாலி.

"அண்ணாச்சி, குத்தும்போது பேசாம குத்துதீங்க. உதைச்சா மட்டும் ஏன் கும்பிடுதீங்க?"

"கையால அடிச்சா அது அடி. காலால அடிச்சா அவமரியாதைல்லா?"

ஆளே வேண்டாம், தொங்குகிற மூட்டையை உதைக்கட்டும் என்று ஏற்பாடானது. உள்ளே என்ன இருக்கிறது என்று அண்ணாச்சி கேட்டார். பழைய துணி என்றார் கோச். யார் உடுத்தின துணியோ என்று மூட்டையையும் தொட்டுக் கும்பிட்டார். சரி, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே கும்பிடாகப் போட்டுவிடுங்கள் என்று கோச் இறங்கி வந்தார்.

"நீ ஒரு மாசம் பல்லு தேய்க்காம இருந்து கடைசி நாளு சேர்த்துத் தேய்ப்பியாலே?"

கோச் அதன்பின் கேட்கவில்லை. அண்ணாச்சிக்கு ஜோடியாக என்னைப் போட்டுவிட்டார். பையன்களுக்கு அவர் குனிந்து நிமிரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. எனக்கு மூச்சு வாங்க அந்த இடைவெளி தேவைப்பட்டது. அவர் உதைப்பார், குனிவார், ஒற்றுவார், நான் நிற்பேன். நான் உதைத்தால் கொசுவை விலக்குவது போலிருக்கிறது என்பார். நான் கும்பிடாமல் நிற்பதைப் பார்த்து, "சார் பேருக்கு நானே கும்பிட்டுக்கிடுதேன்" என்று தன் காலைத் தானே தொட்டுக்கொள்வார். எந்த வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் துஷ்டி, எந்த மாப்பிள்ளை பந்தலில் முறைத்தான் என்று ஊர்க் கதை முழுக்க உதைகளுக்கு நடுவே வந்து சேரும். மனைவி போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த மாடியில்தான்.

இனி சொல்வது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை.

யாரோ ஒரு பையன் எங்களை வீடியோ எடுத்துப் போட்டான். அது சுற்றிச் சுற்றி என் பழைய மாணவர்களின் வாட்ஸப் குழுவுக்கு வந்தது. சிரிக்கிற முகங்களாக வரிசை கட்டி விழுந்தன. அடுத்த வாரமே வகுப்பில் பெற்றோருக்கும் ஊர்க்காரர்களுக்கும் செய்து காட்டுகிற நாள் வந்தது. என் மாணவர்கள் இரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள். அண்ணாச்சியோ தன் செலவில் மொட்டை மாடியில் பந்தல் போட்டார். அவர் மனைவியும் கடை ஆட்களும் வந்தார்கள்.

நான் கோச்சைத் தனியே கூப்பிட்டு, முட்டு வலிக்கிறது, என்னால் முடியாது என்றேன். ஒரு வலியும் இல்லை. அண்ணாச்சியோடு சேர்ந்து இன்னொரு முறை சிரிப்புக்கு ஆளாக மனமில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பதிலாக வேறு வகுப்பிலிருந்து இன்ஜினியரிங் படிக்கிற பையனை நிறுத்தினார்கள். அண்ணாச்சி ஒரு உதை, அவன் ஒரு உதை என்று மாறி மாறி. துடியான பையன். அண்ணாச்சி குனிவார் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரமும் இருந்தது. சொன்னால் முட்டுவலிக்காரன் எப்படி எழுந்து வந்தான் என்பார்களே என்று உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாச்சி உதைத்தார். நல்ல உதை, அவர் மனைவி கை தட்டினார். குனிந்து பையன் காலைத் தொட்டு வலக்கண்ணில் ஒற்றினார். இடக்கண்ணுக்குக் கை போய்க்கொண்டிருந்தபோது பையனின் கால் வந்து மூக்கில் இறங்கியது.

ரத்தம் கொட்டியது. பையன் அழுதுவிட்டான். கீழே கிடந்த அண்ணாச்சி கையை நகர்த்தி முதலில் இடக்கண்ணில் ஒற்றி முடித்தார். அப்புறம்தான் மூக்கைப் பிடித்தார்.

மறுநாள் அவர் வாடகைச் சாமான்களைப் போட்டு வைக்கும் கிட்டங்கிக்குப் போனேன். முகத்தின் நடுவே பிளாஸ்திரியோடு நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். முட்டு வலி பொய் என்றும், அவரோடு நிற்க வெட்கப்பட்டேன் என்றும், பையனிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்றும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பக்கத்து நாற்காலியைப் புரட்டி முத்திரையைப் பார்த்துவிட்டு நிமிர்த்தி வைத்தார்.

"முட்டுவலின்னது பொய்ன்னு அப்பமே தெரியும்வே" என்றார். "முட்டு வலிக்காரன் முன் வரிசையில கால் மேல கால் போட்டு உக்கார மாட்டான்."

"பிறகு ஏன் கேக்கல அண்ணாச்சி?"

"கேட்டா நீரு இன்னொரு பொய் சொல்லணும். வயசான காலத்துல எதுக்கு?" என்றவர், மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆனா அந்தப் பையங்கிட்ட சொல்லியிருக்கலாம். அவன் ராத்திரி பூரா தூங்கலியாம்."

அவர் இனி வகுப்புக்கு வரமாட்டார் என்றே நினைத்தேன். அவர் மனைவியும் அப்படித்தான் சொன்னார். அந்தப் பையனைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். அதன் பிறகு வகுப்பில் எந்தப் பையனோடோ ஜோடி சேர்ந்து, எந்த வீட்டுச் செய்தியும் தெரியாமல், மரியாதையாக உதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிளாஸ்திரி எடுத்த பிறகு ஒரு காலையில் மாடிப்படியில் அவர் குரல் கேட்டது. உள்ளே வந்தவர் என் எதிரே நின்று, டாக்டர் சண்டை போடலாம் என்றிருக்கிறார், ஆனால் கொஞ்ச நாளைக்குத் தலை குனியக் கூடாதாம் என்று பரிதாபமாகச் சொன்னார். குனியாமல் எப்படி உதைப்பது என்பதே அவர் கவலை.

பைய உதையுங்கள் என்றேன். உதைத்தார். நான் என் காலை அவர் கை எட்டும் உயரத்துக்குத் தூக்கிக் கொடுத்தேன்.

தூரத்திலிருந்து பார்த்த கோச், எதிராளியின் உதையைக் கால் தூக்கித் தடுப்பது எனக்கு இப்போதுதான் சரியாக வருகிறது என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நான் மறுக்கவில்லை. ஒற்றைக் காலில் நிற்பது என் வயதில் லேசான காரியம் இல்லை. ஆனாலும் அவர் வலக்கண்ணில் ஒற்றி, இடக்கண்ணிலும் ஒற்றி முடிக்கும்வரை என்னால் நிற்க முடிகிறது.