ஒரே ஒரு ஓட்டை

பரமசிவம் தறியை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். படமரத்தின் ஓரத்தில் ஓர் ஓட்டை. சுண்டைக்காய் நுழையும் அளவு. நெய்த புடவையைச் சுருட்டிக்கொள்ளும் உருளைதான் படமரம். அதில் அப்போது சுருண்டிருந்தது அவர் மகள் காந்தாவின் முகூர்த்தப் புடவை. கல்யாணத்துக்குப் பத்து நாள்.

ஓட்டைக்குக் கீழே கொஞ்சம் மரத்தூள்.

"உள்ள வண்டு பூந்துக்கிச்சு. புடவையத் தொளைச்சிட்டா?" என்றார்.

மனைவி தில்லையம்மாள் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். "கட்டைக்குள்ள அதுக்கு என்னா வேலையாம்?"

நியாயமான கேள்வி. பரமசிவம் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் உள்ளே பார்த்தார். இருட்டு. காதை வைத்தார். சத்தமில்லை.

"தூங்குது," என்று முடிவு செய்தார்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுத் தறிச் சத்தம் நின்றால் அடுத்த வீட்டுக்காரர் விசாரிக்க வந்துவிடுவார். குமாரசாமி வந்தார்.

"கிருஷ்ணாயில் ஊத்துப்பா. மூச்சு முட்டி வெளிய வந்துடும்."

ஊற்றினார்கள். வண்டு வரவில்லை. புடவையில் வாசனைதான் வந்தது.

"அக்கினி எதிர்ல குந்தப்போற பொண்ணு! பத்திக்காது?" என்றாள் தில்லையம்மாள்.

வாசனை போகச் சாம்பிராணி போட்டார்கள். இப்போது புடவை, கோயிலுக்குள் நிறுத்திய லாரி போல மணந்தது.

குமாரசாமி சளைக்கவில்லை. ஓட்டையில் ஓர் ஆப்பை அடித்து இறக்கினார்.

"ஏண்ணா, வாசலை அடைச்சிட்டீங்க. இனிமே அது எந்தப் பக்கமா வரும்?" என்றாள் தில்லையம்மாள்.

மூன்று பேரும் புடவையைப் பார்த்தார்கள். ஆப்பைப் பிடுங்கப் போனதில் பாதி உள்ளேயே முறிந்துகொண்டது.

வேறு படமரம் கேட்டுப் பரமசிவம் தச்சர் மயில்வாகனத்திடம் ஓடினார்.

"தேக்கு ஒண்ணு ரொம்ப நாளா கெடக்குதுபா. ஓரத்துல ஒரே ஒரு ஓட்டை..." என்று தச்சர் இழுத்தார்.

"ஐயோ வாணாம்! வேற காட்டு."

புதிதாய் அறுத்த மாங்கட்டை வந்தது. நெய்த புடவையில் குறை தேடுவது போலப் பரமசிவம் அதை வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தார். விரலால் தடவினார். ஓர் ஓட்டைகூட இல்லை. நெசவாளிக்கு வேறென்ன வேண்டும்? முதல் தரம்.

தெருவே கூடிப் புடவையைப் புது மரத்துக்கு மாற்றிச் சுருட்டியது. முந்தானை கொஞ்சம் கசங்கியது. நாலு இழை அறுந்தது. போகட்டும், வண்டோடு உறவு விட்டது.

பழைய மரத்தை வாங்கிப்போக விறகுக்கடைப் பெரியநாயகி வந்தாள். இருபது வருஷமாகக் கட்டை பிளக்கிறவள்.

"பாத்தும்மா, உள்ள வண்டு இருக்குது," என்றார் பரமசிவம்.

கோடாலியால் ஒரே போடு. உள்ளே வளைந்து நெளிந்து ஒரு சுரங்கம். முறிந்த ஆப்பைத் தவிர ஒன்றுமில்லை.

"எங்க போச்சு?"

"அது றெக்க மொளச்சிப் பறந்துடுச்சு மொதலியாரே. பச்ச மரமா இருக்கசொல்லவே தாய் முட்டை வச்சிட்டுப் போயிடும். குஞ்சு ரெண்டு மூணு வருசம் உள்ளயே தின்னுக்கினு கெடக்கும். வெளிய ஒண்ணுமே தெரியாது. பெருசானப்புறம் ஓட்டை போட்டுக்கினு கெளம்பிடும்."

"அப்ப அது உள்ள போன ஓட்டை இல்லியா?"

"வெளிய வந்த ஓட்டை."

பரமசிவத்துக்கு வியப்புத் தாங்கவில்லை. "மூணு வருசமா எம்மடியாண்ட குந்திக்கினு இருந்திருக்குது. எனக்குத் தெரியல பாரேன்!"

பெரியநாயகி அதற்குள் தறியண்டை போயிருந்தாள். புது மரத்தின் மேல் காதை வைத்திருந்தாள்.

"உஷ்... இது இன்னும் சாப்ட்டுக்கினுதான் இருக்குது."