மூன்று பிஸ்டலும் ஒரு பட்டுச்சேலையும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு எதையும் தெரிவுசெய்யத் தெரியாது. ஐஸ்கிறீம் கடை வரிசையில் எனக்குப் பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் என்று நாலு மாதம் யோசித்து, கடைசியில் பழைய நிறத்தையே வாங்கித் திரும்பப் பூசினோம். கல்யாணம் மட்டும் சரியாக அமைந்தது, அதில் என்னிடம் அவ்வளவாக ஒன்றும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட நான் ஏழு வருடத்துக்கு முன்னர், ஜெர்மனியின் ஹம் நகரத்தில், மூன்று பிஸ்டல்களில் ஒன்றைத் தெரிவுசெய்யக் கிளம்பினேன். அதற்கு ஒரு முழு வருடம் எடுத்தது. முடிவில் பொலிஸும் வந்தது.

பிஸ்டல் எதற்கு என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க யாராவது என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். என்னோடு வேலை செய்யும் பிர்கிட், தான் தலைவியாக இருக்கும் சுடும் கழகத்துக்கு ஒருநாள் கூட்டிப்போனாள். காதை மூடும் பெரிய கவசத்தை மாட்டிவிட்டார்கள். உலகம் அப்படியே வாயை மூடிக்கொண்டது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் கேட்காது. அந்த ஒரு சுகத்துக்காகவே சேர்ந்தேன். (குறி பிறகுதான் வந்தது.)

என் கணவர் கண்ணனுக்கு இது பிடிபடவேயில்லை.

"சனம் துவக்குக்குப் பயந்து ஜெர்மனிக்கு ஓடி வந்தது. நீர் ஜெர்மனியில துவக்கு வாங்கப் போறீர்" என்றார்.

"துவக்கில்லையப்பா, பிஸ்டல்."

"உம்மட பேரை எல்லா ஒஃபிஸிலயும் எழுதி வைக்கப்போறாங்கள். சத்தம் வேணுமெண்டால் ஒரு தவில் பழகலாமே."

எழுதித்தான் வைத்தார்கள். இந்த நாட்டில் சொந்தப் பிஸ்டல் வாங்குவது ஒரு நாள் வேலையில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஒழுங்காகப் பயிற்சி, பரீட்சை, கழகத்தின் கடிதம், அதன்பின் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம், அதற்கு நேரம் குறித்த ஒரு டெர்மின், வீட்டில் இரும்புப் பெட்டகம் வைத்ததற்கு அத்தாட்சி. எல்லாம் முடிந்து கையில் ஒரு பச்சைப் பத்திரம் தருவார்கள். அதில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று எழுதியிருக்கும். ஒரு வருடத்துக்குள் வாங்கவேண்டும். வாங்காவிட்டால் அனுமதி செத்துப்போகும். திரும்ப அன்ட்ராக்கில் இருந்து தொடங்கவேண்டும்.

ஒரு வருடம் யாருக்குத்தான் போதாது என்று அன்றைக்குச் சிரித்தேன்.

கழகத்தில் எல்லோரும் சொன்னவை மூன்று. மூன்றும் முழு அளவுப் பிஸ்டல்கள், தானாகவே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்பவை. முதலாவது ஆஸ்திரியாவில் செய்தது, உடம்பு பிளாஸ்டிக், பாரமில்லை, கழகத்தில் பாதிப் பேரிடம் இருந்தது. இரண்டாவது ஜெர்மனியில் செய்தது, பிடியின் முதுகுத் தகட்டைக் கழற்றிப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். மூன்றாவது செக் நாட்டுக்காரன். முழுக்க இரும்பு, ஒரு கிலோவுக்கு மேல், தூக்கினால் தோசைக்கல்லைத் தூக்கின மாதிரி.

ஒரு கொப்பி வாங்கி மூன்று பக்கம் பிரித்து நல்லது கெட்டது எழுதினேன். கொப்பி முடிந்தது, இன்னொன்று வாங்கினேன். மூன்றையும் இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். ஆஸ்திரியாக்காரனோடு என் குண்டுகள் எல்லாம் நடுவுக்கு இடது பக்கமாகவே போய்ச் சேர்ந்தன. கண்ணாடியை மாற்றினேன். (அந்தக் கண்ணாடிச் சட்டகத்தைத் தெரிவுசெய்ய இரண்டு மாதம்.) குண்டுகள் அப்படியே இடது பக்கம் போயின. ஆனாலும் பாதிக் கழகம் வைத்திருப்பதில் பிழை இருக்காது, பிழை என்னிடம்தான் என்று முடிவுகட்டி அதையே வாங்குவதாக இருந்தேன். கடைக்கு ஒன்பது தடவை போனேன். ஒன்பது தடவையும் "யோசித்துவிட்டு வருகிறேன்" என்று சுத்தமான ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெறும் பெட்டகம் படுக்கையறையில் பதினொரு மாதம் நின்றது. கண்ணன் அதன்மேல் துவாய் காயப்போட்டார்.

பிறகு பிர்கிட் ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றாள். மாவட்டப் போட்டிக்குப் போகும் கழக அணியில் ஒரு இடம் காலி. என்னை நினைத்திருக்கிறாள். ஆனால் கழகத்தின் இரவல் பிஸ்டலை வேறொருவர் பாவிப்பதால், சொந்தமாக ஒன்று வைத்திருந்தால்தான் அந்த இடம். "வைத்திருக்கிறாய் அல்லவா?" என்று கேட்டாள். நான் சூப்பைப் பார்த்துத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து பச்சைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். வருகிற திங்கட்கிழமையோடு சரி. திங்களில் அந்தக் கடை பூட்டு. சனிக்கிழமை ஒரு மணிவரைதான் திறந்திருக்கும். அந்தச் சனிக்கிழமைதான் வுப்பர்டாலில் எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியவீடு. அதற்கென்று பிராங்பேர்ட்டிலிருந்து ஜெயா மச்சாளும் அத்தானும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

ஜெயா மச்சாள் கண்ணனின் அக்கா. வீட்டில் வைத்துச் சேலைச் சட்டை தைப்பவர். ஜெர்மனியில் எந்த மூலையில் கல்யாணம் என்றாலும் கூறைச்சேலை தெரிவுசெய்ய அவரைத்தான் கூப்பிடுவார்கள். கடையில் நூறு சேலை விரித்தபின் நூற்றோராவதைக் கேட்பார். எங்கள் குடும்பத்தில் எதையும் தனியாகப் போய் வாங்குகிற வழக்கம் இல்லை. ஆகவே நான் சனிக்கிழமை காலையில் மெதுவாகச் செருப்பை மாட்டும்போது அவர் பட்டுச்சேலையோடு வாசலில் நின்றார்.

"தனியாப் போய் ஒரு சாமான் வாங்குறதோ? நாங்கள் என்னத்துக்கு இருக்கிறம்? கடைக்குப் போய்ப்போட்டு அப்பிடியே வுப்பர்டாலுக்கு இறங்குவம்."

பத்தரைக்கு எங்கள் வான் கடைக்கு எதிரில் நின்றது. உள்ளே பட்டுவேட்டியில் அத்தானும் கண்ணனும், பட்டுச்சேலையில் நானும் மச்சாளும், மடியில் சாமத்தியவீட்டுக்கான தட்டுகள். நான் கதவைத் திறந்தேன். மச்சாள் என் கையைப் பிடித்தார்.

"சனிக்கிழமையெல்லே. ராகுகாலம் தொடங்கீட்டுது. கோயில் கலண்டரில பாத்தனான், இங்கத்தை நேரத்துக்குப் பதினொண்டு ஐம்பதுக்குத்தான் முடியும். ஆயுதம் வாங்கிற விஷயம், விளையாட்டில்லை."

"ஒரு மணிக்குக் கடை பூட்டிப்போடுவாங்கள் மச்சாள்."

"ஒரு மணித்தியாலம் கிடக்குத்தானே. ஒரு பிஸ்டல் எடுக்க அவ்வளவு நேரம் எதுக்கு?"

இதை நூற்றோராவது சேலைக்காரி சொன்னார். நான் எதிர்த்துப் பேசியிருக்கவேண்டும். பேசவில்லை. இன்னும் எண்பது நிமிடம் யோசிக்கலாமே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், அதுதான் என் லட்சணம்.

அப்படியே இருந்தோம். ஆயுதக் கடைக்கு முன்னால், மூடிய வானுக்குள், நாலு பேர், கடை வாசலையும் மணிக்கூட்டையும் மாறிமாறிப் பார்த்தபடி. அதை வெளியிலிருந்து பார்க்கிற ஒரு ஆளுக்கு என்னவாகத் தெரியும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வெதுப்பகத்துப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

பதினொன்று இருபதுக்குப் பொலிஸ் வாகனம் பின்னால் வந்து நின்றது. நடுத்தர வயதுப் பெண் ஒருவரும் இளைஞர் ஒருவரும் இறங்கினார்கள். அந்தப் பெண் கண்ணாடியில் தட்டி, இங்கே ஒரு மணிநேரமாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒழுங்காகப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். ஆனால் கண்ணன் முந்திக்கொண்டார்.

"ராகு போகும்வரை காத்திருக்கிறோம்."

"யார் ராகு?"

கண்ணன் கடை வாசலைப் பார்த்தார்.

"கடைக்குள் இருக்கிறாரா?"

"இல்லை. பதினொன்று ஐம்பதுக்குப் போய்விடுவார்."

"எந்தத் திசையில்?"

இவ்வளவு நேரமும் பேசாமலிருந்த மச்சாளுக்கு அந்தக் கேள்வி மட்டும் நன்றாக விளங்கியது. "தென்மேற்கு எண்டு சொல்லு கண்ணன், ராகுவுக்கு அதுதான் திசை" என்றார். கண்ணனும் சொன்னார். இளைஞர் தென்மேற்குப் பக்கம் திரும்பி வீதியைக் கூர்ந்து பார்த்தார்.

நான் இறங்கி, ராகு ஒரு கிரகம் என்றேன். (அதனால் நிலைமை சீரானது என்று சொல்லமுடியாது.) கோயில் கலண்டரைக் காட்டினேன், பச்சைப் பத்திரத்தைக் காட்டினேன், அடையாள அட்டையைக் காட்டினேன். பிஸ்டல் வைத்திருப்பவர்மேல் ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் பத்திரத்தைப் பறித்துவிடுவார்கள். நான் இன்னும் வாங்கவேயில்லை. அந்தப் பெண் பத்திரத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது திங்கட்கிழமை முடிகிறதே. ஒரு வருடமாக என்ன செய்தீர்கள்?"

"தெரிவுசெய்துகொண்டிருந்தேன்."

கடைக்காரர் ப்ரிங்மன் அப்போது வாசலுக்கு வந்தார். ஒன்பது தடவை என்னைச் சந்தித்தவர், காப்பாற்றுவார் என்று நம்பினேன்.

"இந்த அம்மாவா? இவரால் ஒரு ஆபத்தும் இல்லை" என்றார். "இவர் பார்ப்பார், வாங்கமாட்டார்."

பொலிஸ் இரண்டு பேரும் சிரித்தார்கள். பத்திரத்தைச் சரிபார்க்க எங்கோ போன் எடுத்தார்கள், அங்கே யாரோ யாரிடமோ கேட்டார்கள். எல்லாம் சரி என்று பத்திரம் என் கைக்குத் திரும்பியபோது பன்னிரண்டு இருபத்தைந்து. ராகு போய் முப்பத்தைந்து நிமிடம். கடை பூட்ட இன்னும் முப்பத்தைந்து நிமிடம்.

உள்ளே ப்ரிங்மன் மூன்றிலும் ரவை இல்லை என்று திறந்து காட்டிவிட்டு மேசையில் வரிசையாக வைத்தார். கண்ணன் ஜெர்மன்காரனைக் காட்டி, "இதை எடும், பிடியைப் பிறகும் மாத்தலாம், இண்டைக்கு முடிவெடுக்கத் தேவையில்லை" என்றார். அவரும் நானும் ஏன் கல்யாணம் செய்தோம் என்று அப்போது விளங்கியது. அத்தான் கதிரையில் உட்கார்ந்து தட்டில் இருந்த ஒரு பலகாரத்தை எடுத்துச் சாப்பிட்டார். நான் ஆஸ்திரியாக்காரனை எடுத்துப் பிடித்தேன். மச்சாள் இடுப்பில் கைவைத்தபடி பார்த்தார்.

"அதை வையும். உந்தப் பிடி உமக்கு அளவில்லை."

"கழகத்தில எல்லாரும் உதுதான் மச்சாள்."

"எல்லாருக்கும் உம்மட கையோ? விரல் நுனி மட்டும்தான் விசையில முட்டுது. நீர் இழுக்கேல்லை, தள்ளுறீர். இடது பக்கமாப் போகுமே?"

கொப்பி எழுதினேன், கண்ணாடி மாற்றினேன், கழகத்தில் அத்தனை பேரிடமும் கேட்டேன். ஒரு துப்பாக்கியையும் தொட்டுப் பார்க்காத மனுசி ஒரு பார்வையில் சொல்லிவிட்டார். கைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். என் உள்ளங்கையிலிருந்து விரல்வரை அளந்தார், பிறகு மூன்று பிடிகளையும் சுற்றிச் சுற்றி அளந்தார். ஜெர்மன்காரனின் ஆகச் சிறிய தகடும் கொஞ்சம் பெரிது. செக் நாட்டுக்காரனின் பிடி மெல்லியது.

"இதைப் பிடியும்."

பிடித்தேன். ஒரு கிலோ இரும்பு என் கைக்குள் அடங்கி உட்கார்ந்தது, விரல் வேண்டிய இடத்தில் போய் நின்றது.

"பாரம் கூடவோ?" என்றார் மச்சாள்.

"கூடத்தான். ஆனா பாரமெண்டால் வெடிக்கேக்கை துள்ளாது."

"அப்ப என்ன யோசனை?"

நான் பிஸ்டலை மேசையில் வைத்தேன். ஊரில் சின்ன வயதில், சந்தியில் துவக்கோடு நிற்பவர்களைக் கடக்கும்போது அம்மா என் முகத்தைத் தன் சேலைக்குள் இழுத்து மூடுவார். ஒன்பது தடவையும் இந்த மேசைக்கு முன்னால் நின்றபோது அந்தச் சேலை மணம்தான் எனக்கு வந்தது. கொப்பியில் அதை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. மச்சாளிடம் சொன்னேன். ப்ரிங்மன் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பது.

மச்சாள் அளவுநாடாவைச் சுருட்டினார். "எனக்கும் உதுகளைக் கண்டால் கால் நடுங்கும்" என்றார். "உமக்கு இது பயமோ, விருப்பமோ?"

"ரெண்டும்."

"அப்ப எடும். பயமே இல்லாதவையிட்டை உதைக் குடுக்கக்கூடாது."

நான் ப்ரிங்மனைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையும் திரும்பிப் பார்க்காமல், "இதை எடுக்கிறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. இன்னொருதரம் சொன்னேன். பத்திரத்தில் பதிந்து முடியும்போது ஒரு மணிக்கு இன்னும் மூன்று நிமிடம். கடையைப் பூட்டிவிட்டு அவரே வாசலுக்கு வந்து எனக்குக் கைகொடுத்தார். பிஸ்டலை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டி, துவாயை மறுபடி காயப்போட்டுவிட்டு வுப்பர்டால் போய்ச் சேர்ந்தபோது, ஆராத்தி முடிந்து சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பெட்டகத்தை விட்டு வர எனக்கு மனமேயில்லை என்பது வேறு கதை.

அணியில் இடம் கிடைத்தது. மாவட்டப் போட்டியில் என் குண்டுகள் நடுவில் விழுந்தன. இடது பக்கம் போனது ஒன்றே ஒன்று, அதுவும் தும்மல் வந்ததால். எங்கள் அணி முதலாம் இடம். பார்வையாளர் இருக்கையில் மச்சாள் அதே பட்டுச்சேலையோடு இருந்தார். கிண்ணம் வாங்கியதும் பிர்கிட் நேரே அவரிடம் போய், தன் கையையும் அளந்து சொல்லும்படி கேட்டாள். அன்றைக்கு ஏழு பேரின் கையை அளந்தார். இப்போதும் கழகத்தில் புதிதாக யாராவது பிஸ்டல் வாங்குவதென்றால், பிராங்பேர்ட்டுக்குப் போகும் ரயில் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்கிறார்கள்.

வீட்டில் அந்த நாளின் மிச்சம் வேறு. எங்கள் குடும்பத்தில் இன்று யார் எதைத் தெரிவுசெய்யத் தடுமாறினாலும், ஐஸ்கிறீம் ஆனாலும் கல்யாண மண்டபம் ஆனாலும், ஒரே கேள்விதான். "எடுக்கிறியளோ, பொலிஸைக் கூப்பிடட்டோ?" பெரும்பாலும் அது எனக்குத்தான் விழும், நியாயம்தான். ஆனால் போன மாதம் பிராங்பேர்ட்டில் மச்சாளின் மகளுக்குக் கூறை எடுக்கப் போயிருந்தோம். மூன்றாவது மணித்தியாலம். கடைக்காரருக்கு விரிக்க இடமில்லை. மச்சாள் நூற்றோராவதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் போனைக் கையில் எடுத்துக் கடை வாசலை ஒருதரம் பார்த்தேன், அவ்வளவுதான்.

"சரி சரி, அந்த அரக்குச் சிவப்பை மடிச்சுத் தாங்கோ" என்றார் மச்சாள்.