பூக்காட்சியில் அம்மன் சொன்ன வாக்கு

மைசூர்,
திங்கட்கிழமை காலை.

மதிப்புக்குரிய மச்சான் கருப்புசாமி அவர்களுக்கு, தேவராஜ மொஹல்லாவிலிருந்து நாச்சிமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை சாமியாத்தாள், எங்கள் மகள் காவேரி மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே கொள்ளேகாலில் அக்கா, பிள்ளைகள், தறி, எருமை சகலமும் சுகமாக இருக்க மாதேஸ்வரன் துணையிருக்கட்டும்.

விஷயம் என்னவென்றால், வெள்ளிக்கிழமை நிச்சயம் பேச நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம். தாய்மாமன் சீராகக் காவேரிக்கு நெய்யச் சொல்லியிருந்தீர்களே அரக்குச் சிவப்புப் பட்டு, அதையும் நிறுத்திவிடுங்கள். கணேஷ்குமார் சம்பந்தம் முறிந்துபோச்சு. முறித்தது யார் என்றால் உங்கள் தங்கை அம்மன் என்கிறாள், நான் உங்கள் தங்கை என்கிறேன். போனில் சொல்லலாமென்று எஸ்.டி.டி. பூத் வரை போனேன். அந்த பூத்துக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மார்க்கெட் முழுக்கப் பரப்பிவிடுவான் என்று திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

காவேரிக்கு வயது இருபத்தாறு முடிந்துவிட்டது. இதுவரை வீட்டுக்கு வந்து பஜ்ஜி, கேசரி சாப்பிட்டுப் போனவர்கள் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, அடுத்த வீட்டுக்காரிகள் மட்டும் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று உயிரை எடுக்கிறார்கள். அதனால் இந்தத் தடவை தரகர் ஒரு யோசனை சொன்னார். பார்க்கில் வசந்தகாலப் பூக்காட்சி நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரோஜாப்பூவில் செய்த யானைக்குப் பக்கத்தில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திப்பது, பிடித்தால் வெள்ளிக்கிழமை நிச்சயம், பிடிக்காவிட்டால் பூப் பார்க்க வந்தோம் என்று அவரவர் பஸ் ஏறிவிடுவது. பையன் எலெக்ட்ரீஷியன், அப்பா இல்லை, அம்மா மாரக்காள் மட்டும்தான். போட்டோவில் பார்த்தபோதே எனக்கு அந்தப் பையனைப் பிடித்துவிட்டது மச்சான், இது மட்டும் அமைந்துவிட்டால் போதும் என்று ராத்திரியெல்லாம் புரண்டேன். போனோம். யானைக்கு முன்னால் ஒரு கோயில், கோபுரத்திலிருந்து வாசல்படி வரை பூவாலேயே கட்டியது, உள்ளே மஞ்சள் செவந்தியில் சாமுண்டீஸ்வரி அம்மன். உங்கள் தங்கை அதைப் பார்த்ததுதான் தாமதம், செருப்பைக் கழற்றிவிட்டாள். "இது கண்காட்சிடி, கோயில் இல்லை" என்றேன். "சித்த சும்மா இருங்க. அம்மன் முன்னாடி வந்துட்டு ஒண்ணும் கேக்காமப் போனா நல்லாருக்குமுங்களா?" என்றாள்.

இந்த ஊர்ப் பெண்கள் சாமியிடம் ஒன்றை மனசில் கேட்டுக்கொண்டு நிற்பார்கள் அல்லவா, சிலைமேல் இருக்கிற பூ வலது பக்கம் விழுந்தால் சரி, இடது பக்கம் விழுந்தால் கூடாது என்று, அந்தப் பழக்கம் இவளையும் பிடித்துக்கொண்டது. காவேரியைக் கட்டிக்கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டாள், பூ விழாமல் நகர மாட்டேன் என்கிறாள். எப்படி விழும்? ஒவ்வொரு பூவையும் ஈர்க்குச்சி வைத்துக் கம்பிவலையில் குத்தியிருக்கிறார்கள், ஆடி மாசத்துக் காற்றுக்கே அசையாது! நான் யானையையும் பார்க்கிறேன், வாட்சையும் பார்க்கிறேன், எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. இதற்குள் இவள் கைகூப்பி நிற்பதைப் பார்த்து இன்னும் நாலு பேர் செருப்பைக் கழற்றினார்கள், அப்புறம் நாற்பது பேர், யாரோ கற்பூரத்தையே கொளுத்திவிட்டார்கள். கீழே பூராவும் காய்ந்த வைக்கோல் மச்சான்! காவல்காரர் பசவராஜ் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்து கற்பூரத்தைப் பூட்ஸ் காலால் மிதித்து அணைத்தார், அதற்கு நாற்பது பேரும் சேர்ந்து அவரை ஏசினார்கள். "அம்மா, இது வெறும் ஹூவு அம்மா, பூ! பரிசு கொடுக்குற ஆபீசருங்க இப்ப வந்துடுவாங்க, கலைஞ்சு போங்கம்மா" என்று கெஞ்சினார். ஒருத்தி நகர வேண்டுமே! காவேரி கூட்டத்தில் நசுங்க வேண்டாமென்று அவளைக் கோயிலுக்குப் பின்னால் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் நிற்கச் சொன்னேன். அந்தக் கூட்டத்திலேயே என் பேச்சைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

உங்கள் தங்கை பக்கத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மாள் வந்து நின்று, இவளைவிடக் கெட்டியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கோயில் லேசாக ஆடியது. அம்மன் தோளிலிருந்து ஒரு செவந்தி பொத்தென்று விழுந்தது. கூட்டமே "தாயே!" என்றது. பசவராஜ்கூட விசிலைப் பையில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எடதுபக்கம்! வேண்டாம்னுட்டா!" என்று உங்கள் தங்கை தலையில் கை வைத்தாள்.

"வலதுங்க அது! அம்மன் நம்மளப் பாத்துல்ல நிக்கிறா, அவளுக்கு அது வலது கை" என்றாள் பச்சைச் சேலை.

"எனக்கு எடதுபக்கம் விழுந்தா எடதுதானுங்க. கேட்டது நானா, அம்மனா?"

"நானுந்தான் கேட்டேன்! எம்பையன் கணேஷ்குமாருக்கு இன்னிக்குப் பாக்குற பொண்ணக் கட்டலாமான்னு கேட்டேன், குடுத்துட்டா!"

யார் என்கிறீர்கள் மச்சான்? சம்பந்தி மாரக்காள்! நான் பசவராஜின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களே சொல்லுங்க சார், எந்த வலது கணக்கு?" என்றேன். "கோயில்ல அம்மனோட வலதுதான் சார். ஆனா இது கோயில் இல்லையே" என்றார் அந்தப் புண்ணியவான். அவ்வளவுதான், ஆளுக்குப் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மன் வேண்டாம் என்றதைப் பிடுங்கப் பார்க்கிற வீடு என்று இவள், அம்மன் கொடுத்ததையே தள்ளுகிற திமிர் பிடித்த வீடு என்று அவள். பெண்ணை ஒருத்தரும் பார்க்கவேயில்லை. ஸ்கூட்டர் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தானாம் பையன், எங்கிருந்தோ வந்து எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

பஸ்ஸில் காவேரி ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அப்பன் என்று ஒருத்தன் பக்கத்திலேயே உட்கார்ந்து பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பூ விழாமலே இருந்திருக்கலாம் மச்சான். உங்கள் தங்கை ராத்திரி சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை, ரசம் அப்படியே இருக்கிறது.

பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு ஆசீர்வாதம், எருமைக்கு ஒரு தட்டு. அந்த அரக்குச் சிவப்பை வேறு யாராவது புண்ணியவதி கட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மைத்துனன்,
நாச்சிமுத்து.

பின்குறிப்பு: மாமா, காவேரி எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி அப்பா கவரை என்னிடம் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன்னால் எழுதுகிறேன். அந்தப் பூ தானாக விழவில்லை. குழாயடியில் நான் தனியாக நிற்கவில்லை. ஸ்கூட்டரை எப்போதோ நிறுத்திவிட்டு அவரும் அங்கே வந்திருந்தார், போட்டோவில் பார்த்த முகம்தான். முன்பக்கச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "எல்லாரும் அம்மன்கிட்டயே கேக்குறாங்களே, உங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். "நான் கேக்குறேன்" என்று கம்பிவலைக்குள் கையை விட்டு ஒரு செவந்தியை இழுத்தார். அந்த ஆட்டத்தில்தான் அந்தப் பக்கம் ஒன்று உதிர்ந்தது. எனக்கு நீட்டியதை நான் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் நான் அழவில்லை மாமா, சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன். அப்பாவைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. நீங்கள் வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள், தாய்மாமன் சொன்னால் அம்மா கேட்பாள். தறியை நிறுத்த வேண்டாம். அரக்குச் சிவப்பு மட்டும் வேண்டாம், செவந்தி மஞ்சளில் நெய்யச் சொல்லுங்கள்.