சத்தம் போடக்கூடாத மாதம்

சாவியைத் திருப்பியதும் ஜீப் 'டிக்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. அந்த 'டிக்'குக்கே அங்ரூப் பயந்துபோய் நாலாபுறமும் பார்த்தான். சாமிகள் மேலுலகம் போயிருக்கும் மாதம் அது. அவை திரும்பும்வரை இமயமலையின் அந்த லாஹௌல் கிராமத்தில் யாரும் உரக்கப் பேசக் கூடாது, கதவைத் தட்டக் கூடாது, குக்கர்கூட விசிலடிக்கக் கூடாது. சத்தம் போட்டவன் ஊருக்கு ஓர் ஆடு அபராதம் கட்ட வேண்டும்.

ஆனால் அங்ரூப்புக்கு இருந்த அவசரம் சாமிகளுக்குத் தெரியாது. கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவி பல்மோ, செல்போன் கோபுரம் பனியில் சாய்வதற்கு முன் கடைசியாகச் சொன்னது இதுதான்: "நான் சொல்றது என்னிக்காவது உன் காதுல ஏறியிருக்கா? வழி மூடறதுக்குள்ள நேர்ல வந்து கூப்பிடு. இல்லேன்னா பனி உருகினப்புறம் பாத்துக்கலாம்."

இரண்டு ஊருக்கும் நடுவில் பனிச்சரிவு இறங்கும் பள்ளம். வெயில் ஏறுவதற்குள் அதைத் தாண்டியாக வேண்டும். அவள் இல்லாமல் அங்ரூப்புக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கம் மட்டும் வழக்கம்போல் வந்தது.

உதவிக்கு வந்திருந்த நண்பன் ரிக்சின் கோடையில் லாரி ஓட்டுபவன். மணாலியில் ஒருமுறை பனிச்சரிவுப் பாதுகாப்பு முகாமுக்கும் போய்வந்தவன். எனவே இரண்டு விஷயத்திலும் அவனை யாரும் கேள்வி கேட்க முடியாது.

"வண்டிக்கு என்னடா?" கிசுகிசுத்தான் அங்ரூப்.

"இரு. டோல்கர் அக்கா என்னமோ சொல்றாங்க."

ஜீப் நின்றது பக்கத்து வீட்டை ஒட்டி. அந்தக் கூரைமேல் நின்று பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள் டோல்கர். முழங்கால் வலிக்காரி, ஒருமுறை ஏணி ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவாள். அவள் கன்னத்தில் கைவைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். பிறகு காலுக்குக் கீழே கையை நீட்டினாள்.

"வண்டி தூங்குது, அடியில சூடு காட்டுங்கறாங்க. டீசல் உறைஞ்சிருக்கும்ல!"

ஒரு தட்டு நிறையத் தணலை எஞ்சினுக்கு அடியில் தள்ளினார்கள். டீசல் இளகியது. கூடவே வயர்களும் இளகி, இரண்டு மட்டும் அறுந்து தொங்கின.

டோல்கர் தலையில் அடித்துக்கொண்டாள். காதோரத்திலிருந்து மார்பு வரை இரண்டு கையாலும் இரட்டைப் பின்னல் வரைந்து, மறுபடி கீழே காட்டினாள்.

"ரெண்டு வயரையும் பின்னச் சொல்றாங்க மச்சான்."

"அவங்களுக்கு வண்டியப் பத்தி இவ்வளவு தெரியுமா?"

"தெரியாமலா சொல்றாங்க?"

பின்னினார்கள். எஞ்சின் உறுமியது. ஹாரனும் சேர்ந்து அலறியது. நிற்கவே இல்லை. ரிக்சின் தொப்பியைத் திணித்தான், அங்ரூப் கம்பளியைப் போர்த்தினான். கம்பளிக்குள்ளிருந்து சாமிகளுக்கே கேட்கும்படி கத்தியது. எதிர்க்கூரையில் பூசாரி தோன்றி, தலைமேல் இரண்டு விரலைக் கொம்புபோல் வைத்துக் காட்டினார். அந்தச் சைகை மட்டும் அங்ரூப்புக்குச் சரியாகப் புரிந்தது.

"ஆடு போனாப் போகட்டும். பல்மோ வந்தாப் போதும்," என்று ஏறி உட்கார்ந்தான்.

ரிக்சின் அவன் இடுப்பில் நீளச் சிவப்புக் கயிறு கட்டி, மறுமுனையை வெளியே விட்டான். "பனியில பொதைஞ்சா இதப் புடிச்சு இழுத்துடலாம். பெல்ட் போடாத, ஜன்னல இறக்கு. பனி மூடிச்சுன்னா மூஞ்சி முன்னாடி கைய வச்சுக் காத்துக்கு எடம் பண்ணு. எச்சிலத் துப்பு, வழியிற பக்கம்தான் கீழ."

டோல்கர் இரண்டு கையையும் காற்றில் வீசினாள்.

"சீக்கிரம் கெளம்புங்கறாங்க!"

அங்ரூப் கியரைப் போட்டான். தலைக்கு மேல் 'தொம்' என்றது. உலகம் வெள்ளையாகி, பிறகு கறுப்பானது. எஞ்சின் அணைந்தது. ஹாரன் ஒரு முறை விக்கிவிட்டு அடங்கியது. ஜன்னல் வழியே வந்த பனி கழுத்துவரை ஏறியிருந்தது. ஹாரனால் மலையே இறங்கிவிட்டதென்று அவனுக்கு அழுகை வந்தது. பல்மோ முகம் நினைவுக்கு வந்தது. முகத்துக்கு முன்னால் கையை வைத்தான். துப்பினான். எச்சில் தாடையில் வழிந்தது. கீழ் என்பது கீழேதான் இருந்தது.

இடுப்புக் கயிறு வெட்டி இழுத்தது. ஜன்னல் வழியாக உருவி வெளியே போட்டார்கள். பாதி வேலையில் ஏணி இறங்கி வந்த டோல்கர் கையில் கயிறும் பனித் தள்ளியுமாக மூச்சிரைத்தாள்.

"அக்கா, மலை எறங்கிடுச்சா?"

"மலை இல்லடா, என் கூரைப் பனி. நீ கெளம்பிடக் கூடாதேன்னு நான்தான் தள்ளினேன்," என்றவள் ஊர் வழக்கப்படி அவன் காதருகே குனிந்து கிசுகிசுத்தாள்: "பல்மோ விடியறதுக்கு முன்னாடியே, பனி இறுகியிருக்கறப்பவே நடந்து வந்துட்டாடா. கதவத் தட்டக் கூடாதேன்னு உன் வாசல்ல நின்னு கிசுகிசுத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, நீ எழுந்திருக்கலேன்னு என் வீட்டுல வந்து படுத்துத் தூங்கிட்டிருந்தா... உன் ஹாரன்லதான் முழிச்சா!"