கிணற்றுக்கு எடை போட வந்தவன்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
ஆனந்த வருஷம், சித்திரை மாதம்

சென்னையில் சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனன் சிரஞ்சீவி உமாபதிக்கு, அக்காள் புருஷன் பஞ்சாட்சரம் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. ஏகாம்பரநாதர் கிருபையால் இங்கே உன் அக்காள் தில்லையம்மாளும் பிள்ளைகளும் சுகம். கிணறு மட்டும் சுகமில்லை. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். ஆபீசில் நாலு பேர் எதிரே பிரிக்காமல் தனியாகப் போய்ப் படி.

சில மாதங்களாக இங்கே சர்க்கார் ஆபீசிலிருந்து ஒரு பையன் மாதம் ஒருமுறை, குறித்த தேதியில் வந்து போகிறான். பெயர் சீனிவாசன். பேண்ட் போட்டிருக்கிறான், சிரித்த முகம், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நேரே நம் கிணற்றடிக்குப் போய், இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்து உள்ளே விடுகிறான். வெளியே எடுத்து, சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்கிறான். கைப்பிடிச்சுவரில் வெள்ளைப் பெயிண்டில் ஓர் அடையாளம் வேறு. ஏலத்துக்கு வந்த வீட்டில்தான் அப்படிப் போடுவார்கள். வீட்டில் எத்தனை பேர், சாயப்பட்டறைக்கு எத்தனை குடம், நூல் அலசின தண்ணீர் எங்கே போகிறது என்று கேள்விமேல் கேள்வி. அலசின தண்ணீரைப் பற்றி விசாரிக்கிறவன் நல்ல எண்ணத்தோடு வந்தவனாக இருப்பானா, நீயே சொல்.

“இன்னாத்துக்குப்பா இதெல்லாம்?” என்றேன்.

“ஐயா, மழையிலயும் ஏரியிலயும் இருந்து மண்ணுக்குள்ள எவ்ளோ தண்ணி எறங்குது, நீங்கள்லாம் எவ்ளோ எடுக்கறீங்கன்னு கணக்கு பாக்கறோம். வரவைவிட செலவு மிஞ்சிக்கினே போனா ஊரு எத்தினி வருஷம் தாங்கும்னு தெரியணுமில்ல?” என்றான்.

“எந்த ஊரு நீ?” என்றேன். தாமல் என்றான். எனக்குப் பகீரென்றது. அவ்வளவு பெரிய ஏரியை ஊரில் வைத்துக்கொண்டிருக்கிறவனுக்கு என் கிணற்றடியில் என்ன வேலை? உன் அக்காளோ, “பாவங்க, வெயில்ல வந்துக்கினு இருக்குது, நல்ல புள்ள” என்று மோர் கொடுக்கிறாள். கையெழுத்துப் போடச் சொன்னால் அதையும் போட்டுவிடுவாள்.

வரவு செலவு என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் சாயக்காரன், இந்தக் கணக்கு எனக்குப் புதிதா? முதலாளி பட்டுநூலை எடை போட்டுக் கொடுக்கிறார். சோப்புப் போட்டு வேகவைத்து, நூலோடு பிறந்த பசையை எடுத்தால் கால்பங்கு எடை பசையாகவே போய்விடும். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும், திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது தராசைப் பார்த்துவிட்டு என் மடியைப் பார்ப்பார். அதனால் எடை போடும் அன்றைக்கு நூலைக் கொஞ்சம் ஈரமாகவே கொண்டுபோவது எங்கள் வழக்கம். யாருக்கும் நஷ்டமில்லை, மனஸ்தாபமும் இல்லை. கிணற்றுக்கு எடை போட ஒருவன் வருகிறான் என்றால் கிணற்றையும் ஈரமாகக் காட்டவேண்டியதுதானே? தண்ணீர் இறங்கியிருந்தால் என்னைத்தான் கேட்பார்கள். அதனால் அவன் வருகிற அன்று விடியும்போதே கிணற்றில் தண்ணீர் ஊற்றிவிடுவது என்று முடிவுசெய்தேன்.

தண்ணீருக்குப் பக்கத்து வீட்டுத் தணிகாசலத்தைக் கேட்டேன். அவன் கிணற்றையும் அந்தப் பையன் அளக்கிறான். தணிகாசலத்துக்குச் சந்தேகம் வேறு மாதிரி. “மாமா, இது வரி போடற வேலை. தண்ணி எவ்ளோ கெடக்குதோ அவ்ளோ வரி. என் கெணறு காலியா கெடக்கட்டும், நீ எடுத்துக்கினு போ” என்றான். அவனுக்குக் கிணறு குறைய வேண்டும், எனக்கு ஏற வேண்டும். ஒரே வாளி, ஒரே கயிறு. பட்டறை ஆட்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இறைத்து இந்தப் பக்கம் கொட்டினார்கள். மாதாமாதம் இப்படியே நடந்தது. இத்தனை சந்தோஷமாக ஒருவன் தன் கிணற்றைக் கொடுக்கிறானே என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

போன வாரம் சீனிவாசன் பெரிய அதிகாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். இருவரும் என் கிணற்றைப் பார்த்தார்கள், தணிகாசலம் கிணற்றைப் பார்த்தார்கள், மறுபடி என் கிணற்றுக்கு வந்தார்கள். சித்திரை வெயிலில் தெருவெல்லாம் தண்ணீர் இறங்க, என் கிணற்றில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறதாம். என் பட்டறைக்கு அடியில் பெரிய ஊற்று ஒன்று ஓடுகிறதாம். பட்டறையைப் பிரித்துவிட்டு அங்கே மிஷின் வைத்துத் துளை போட்டால் தெரு முழுவதற்கும் தண்ணீர் கொடுக்கலாமாம். சீனிவாசன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, உங்களாலதான் இந்தத் தெருவே பொழைக்கப்போவுது” என்கிறான். நான் எப்படிப் பிழைப்பது என்று அவன் சொல்லவில்லை. அரக்குச் சாயம் நம் பட்டறையில் பிடிக்கிற மாதிரி ஊரில் எங்கும் பிடிக்காது என்று முதலாளிகளே சொல்வார்கள். அடுப்பும் அண்டாவும் அங்கே, நான் தெருவிலா?

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. உண்மையைச் சொல்லலாமென்றால் சர்க்காரை ஏய்த்தேன் என்பார்கள். இதெல்லாம் தணிகாசலமும் அந்தப் பையனும் சேர்ந்து செய்த சதி என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. தணிகாசலத்தின் பெண்சாதி கங்கையம்மாள் அந்தப் பையனுக்குக் காபி கொடுத்ததை நானே கண்ணால் பார்த்தேன், மோர் இல்லை, காபி. ஆகவே நீ உடனே மேலிடத்தில் ஒரு மனு எழுதிக் கொடுக்க வேண்டும். பஞ்சாட்சரம் வீட்டில் ஊற்றும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை, அளந்த பையனுக்கு அளக்கத் தெரியாது, அவனைத் தண்ணீரே இல்லாத ஊருக்கு மாற்ற வேண்டும் என்று எழுது. உன் அக்காள் மேல் உனக்குப் பாசம் இருந்தால் இந்த வாரமே செய்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உன் மனைவி வள்ளியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். காமாட்சி அம்மன் உங்களையும், என் பட்டறையையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
பஞ்சாட்சரம்

பின்குறிப்பு: மனுக் கொடுக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். வைகாசி முகூர்த்தத்துக்கான நூல் அண்டாவில் வெந்துகொண்டிருக்கிறது, அலசத் தண்ணீர் இறைத்தால் வாளியில் சேறு வருகிறது. சுவரேறிப் பார்த்தேன், தணிகாசலம் கிணற்றிலும் சேறுதான். அவன், “நீதான் மாமா எல்லாத்தையும் எறைச்சிக்கினு போயிட்ட” என்று என்னைச் சந்தேகப்படுகிறான். மனிதர்களுக்கு ஏன்தான் இப்படிப் புத்தி போகிறதோ. உன் அக்காள் குடத்தை வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இந்தக் கிணறு போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

பட்டறைக்கு அடியில் ஊற்று இருக்கிறது என்று அந்த சீனிவாசன் சொன்னான் அல்லவா? படித்த பிள்ளை. மாதாமாதம் வந்து, சர்க்கார் டேப்பால் அளந்து சொன்னது. பொய்யாகவா இருக்கும்? பட்டறையைப் பிரித்துக்கொள்ளட்டும், நான் ஆட்சேபிக்கவில்லை. நீ நேரில் போய் அந்தத் துளை போடும் மிஷினை உடனே அனுப்பச் சொல். சீனிவாசனும் கூடவே வரட்டும், மோர் கொடுக்க முடியாது, ஆனாலும் வரட்டும். அந்த டேப்பை மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்.